வந்துடறேன், சில்லறை

அரசின் செலவுக் குழு கூடுவதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் அப்பா டூட்டியில் இருப்பார். அதற்கு அப்புறம் என்ன என்று நினைக்கத் தொடங்கினால் சில்லறை என்ற அந்தப் பெண்ணுக்கு வண்டிகளின் பெயர் குழம்பியது. பெயர் குழம்பினால் அவளுக்கு வேலை ஓடாது.

பேருந்து நிலையத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்தது அறிவிப்பு அறை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தால் கதவைத் திறக்க முடியாது. கதவைத் திறக்கவேண்டுமென்றால் நாற்காலி மேசைக்கு அடியில் போகவேண்டும். மேசைமேல் மைக், ஒரு பழைய கணினி, வண்டி நேரங்கள் ஒட்டிய அட்டை. எதிரே கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டிகள் பின்பக்கமாக ஊர்ந்து வந்து நிற்பதும், கண்டக்டர்கள் தகரத்தைத் தட்டி வா வா என்று கை காட்டுவதும், மூட்டைக்காரர்கள் வண்டியின் தலையில் ஏறுவதும் படம்போல ஓடிக்கொண்டிருக்கும். சத்தம் மட்டும் உள்ளே வராது. அவள் பேசுவது வெளியே போகும். வெளியே பேசுவது அவளுக்குக் கேட்காது. கூச்சக்காரிக்கு இதைவிட நல்ல வேலை எங்கே கிடைக்கும்? நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவள் நாளெல்லாம் ஊரோடு பேசினாள்.

மணிக்கு ஒருமுறை, வண்டி அறிவிப்புகளுக்கு நடுவே ஒரு விளம்பரம் போடவேண்டும். புகையிலைத் தடுப்புத் திட்டம் காசு கொடுத்து வாங்கியிருந்த நேரம் அது. விசையைத் தட்டிவிட்டு அவள் எழுந்து, நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளி, கதவைத் திறந்துவைப்பாள். கூரைக் கம்பிகளில் வரிசையாகக் கட்டியிருந்த ஸ்பீக்கர்கள் எல்லாவற்றிலும் அப்பா பேசுவார்.

"நான் பெயிண்டருங்க. ஏணியில ஏறும்போது ஒண்ணு பத்தவைப்பேன், இறங்கினா ஒண்ணு. நிறுத்துய்யான்னு டாக்டர் சொன்னப்ப, இந்தச் சுவரு முடியட்டும் சார்னேன். சுவரு முடிஞ்சுது. அடுத்த சுவருக்கு நான் இல்ல. நீங்க சுவரு முடியற வரைக்கும் காத்திருக்காதீங்க. எனக்கு வீட்டுல ஒரு பொண்ணு இருக்கா. வாசலையே பாத்துக்கிட்டிருப்பா."

பிறகு ஓர் இடைவெளி. மூச்சு இழுக்கும் சத்தம். அந்த மூச்சு அவளுக்கு மனப்பாடம்.

"வந்துடறேன், சில்லறை."

அதற்குமேல் யாரோ ஒரு பெண் தொலைபேசி எண்ணைச் சொல்லுவாள். சில்லறை கதவைச் சாத்திவிட்டு, அடுத்த வண்டியின் பெயரைச் சொல்ல உட்கார்ந்துவிடுவாள்.

அவளுக்கு இரண்டு வயது நிறையுமுன்னே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் இருந்தது ஒரே ஒரு படம். கல்யாணத்தில் எடுத்தது. படம் பிடிக்கிற நேரம் பார்த்து மனிதர் கண்ணை மூடியிருந்தார். ஆக, அப்பாவின் கண் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. குரல் தெரியும். ஞாபகம் என்று ஒன்று தொடங்கிய இடத்திலேயே அது இருந்தது. பக்கத்து வீட்டு ரேடியோ, பக்கத்து வீட்டு அக்கா மடி, "உங்கப்பாடி, கேளு" என்ற சொல், அப்புறம் இந்தக் குரல். அன்றைக்கே ஓடிப்போய்த் தெருவில் எல்லோரிடமும் தன் பெயர் சில்லறை என்று சொன்னாளாம். அப்படியே நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்திலும் அதுதான், கல்லூரியிலும் அதுதான். வேதியியல் பட்டம் வாங்கிக்கொண்டு பேருந்து நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, "நூறு ரூபாய்க்குச் சில்லறை இருக்கா சில்லறை?" என்று கண்டக்டர்கள் கண்ணாடியைத் தட்டிக் கேட்டதும் அதனால்தான். அம்மா மட்டும் பாப்பா என்பாள்.

போனில் அந்த விளம்பரம் இருந்தது. கேட்கவேண்டுமென்றால் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் போனில் கேட்டால் அப்பா செத்துப்போனவர். ஸ்பீக்கரில் பேசும்போது அப்படி இல்லை. அவர் பாட்டுக்கு ஊரோடு பேசிக்கொண்டிருக்கிறார். போகிற போக்கில் மகளை ஒரு வார்த்தை கூப்பிடுகிறார். வேலைக்குப் போன அப்பாக்கள் எல்லோரும் அப்படித்தானே?

*

"என்ன சில்லறை, மூஞ்சி தொங்குது?" என்றார் டீக்கடைக்காரர். ஏழாம் நடைமேடைக்கு எதிரே கடை. முன்னால் டீ, பின்னால் சிகரெட். அவளுக்கு அவர் மாமா முறை. முறை வந்தது ரத்தத்தில் இல்லை, டீயில்.

"ஒண்ணுமில்ல மாமா."

"ஒண்ணுமில்லாததுக்கா டீ ஆடை கட்டுது?"

அவள் டீயைக் குடித்தாள். ஆடை உதட்டில் ஒட்டிக்கொண்டது.

"இந்த மாசத்தோட விளம்பரத்த நிறுத்தறாங்களாம்."

"எத? உங்கப்பாவயா? ஏன், ரிட்டையர்மென்ட் வயசாயிடுச்சா?"

அவள் சிரிக்கவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தேவையில்லாமல் கல்லாவைத் துடைத்தார்.

"நான் என்ன குறை வச்சேன் சொல்லு. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரி கட்டித்தான் எடுக்கறேன். அந்த வரியில ஒரு பங்குதானே அந்தத் திட்டத்துக்குப் போவுது? பாக்கப்போனா உங்கப்பாவுக்குச் சம்பளம் குடுக்கற மொதலாளியே நான்தான்."

"விக்கறது கொறஞ்சுபோச்சாம் மாமா. அதனால வரி கொறஞ்சுபோச்சு, நிதியும் கொறஞ்சுபோச்சு. மிச்சம் இருக்கறதையும் வேற செலவுக்கு எடுத்துக்கலாமான்னு குழுவுல பேசப்போறாங்களாம்."

"அது சரி! உங்கப்பா பேச்சைக் கேட்டு நாலு பேரு விட்டான். அவன் விட்டதுல என் பொழப்பு படுத்துது. என் பொழப்பு படுத்ததுல உங்கப்பா பொழப்பும் போவுது. நுனிக்கொம்புல உக்காந்து அடிமரத்த வெட்டின கதையாயில்ல இருக்கு!"

அப்போது ஒரு டிரைவர் வந்து இரண்டு பாக்கெட் கேட்டார். மாமா எடுத்துக் கொடுத்தார். சில்லறை அந்த இரண்டு பாக்கெட்டையும் பார்த்தாள். மூன்றாக வாங்கியிருக்கக்கூடாதா என்று ஒரு நினைப்பு ஓடி மறைந்தது. ஓடியது என்னவோ நிஜம். டம்ளரை வைத்துவிட்டு, காசு கொடுக்க மறந்து, விறுவிறு என்று அறைக்குப் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் அந்த விளம்பரத்தை இரண்டு தடவை கூடுதலாகப் போட்டாள். ஒரு டிரைவர் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று வாயை அகலமாகத் திறந்து திறந்து பேசினார். அவள் கதவைத் திறந்தாள்.

"இன்னிக்கு உங்கப்பா ஓவர்டைம் பாக்கறாரான்னு கேட்டேன்."

நிலைய மேலாளருக்கும் தெரிந்துபோனது. திட்டவில்லை. ஒரு பாட்டை அனுப்பி, அடுத்த மாதத்திலிருந்து அந்த நேரத்துக்கு இது, ஒலியளவை மட்டும் சரிபார்த்துவை என்றார். புதினா மிட்டாய் விளம்பரம். குழந்தைகள் சேர்ந்து பாடினார்கள். நல்ல மெட்டுதான். மிட்டாயின் பெயர் மட்டும் மாமா கடையின் பின்தட்டில் இருக்கும் சிகரெட்டின் பெயர். இரண்டும் ஒரே கம்பெனி. அவள் ஒலியளவைச் சரிபார்த்தாள். வேலை வேலைதான்.

*

புகையிலைத் தடுப்புத் திட்டத்தின் அலுவலகம் அதே நிலையத்தின் மாடியில், சைக்கிள் நிறுத்தத்துக்கு மேலே இருந்தது. ஒரு காலத்தில் ஏழு மேசை. இப்போது இரண்டு. மற்ற ஐந்தும் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தது. அங்கே இருந்த அதிகாரியை நிலையத்தில் எல்லோரும் புகை சார் என்றார்கள். புகைக்கும் அவருக்கும் ஒட்டே கிடையாது. கால்நடைத் துறையிலிருந்து மாற்றலாகி மூன்று வருடத்துக்கு முன்னால் வந்தவர்.

"அங்க மாடு உதைக்கும்மா. ஆனா முன்னாலயே காதைப் பின்னால மடிச்சுக் காட்டிடும், உதைக்கப்போறேன்னு. இங்க உதை எங்கேர்ந்து வருதுன்னே தெரியமாட்டேங்குது," என்றார்.

மேசைமேல் தொலைபேசி இருந்தது. விளம்பரத்தில் வரும் எண் அதுதான். சிகரெட்டை விட நினைக்கிறவர்கள் கூப்பிடுவார்கள். அவள் உட்கார்ந்திருந்தபோதே ஒருவர் கூப்பிட்டார். விட்டு மூன்றாம் நாளாம், பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாராம். புகை சார் அவரிடம் தண்ணீர் குடிக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், சாயங்காலம் நானே கூப்பிடறேன் என்றார். வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"நிறுத்திட்டாங்கன்னா இந்த ஆளை யாரு கூப்பிடுவா? சரி, விஷயத்துக்கு வரேன். குழுவுல கணக்கு நான் சொல்லுவேன். எவ்வளவு பேரு விட்டாங்க, எவ்வளவு ஆஸ்பத்திரிச் செலவு மிச்சம், எல்லாம். ஆனா கணக்கக் கேட்டு எவனாவது அழுது பாத்திருக்கியா? நீ வந்து பேசணும். நீயும் உங்கம்மாவும்."

"எனக்குப் பேச வராது சார்."

"நாள் பூரா பேசறியே?"

"அது வண்டியப் பத்தி."

"இது உங்கப்பாவப் பத்தி."

அவள் தரையில் இருந்த வேறு நிறத்தைப் பார்த்தாள்.

"இருபது வருஷமா ஏன் ஒரே விளம்பரத்த ஓட்டறோம் தெரியுமா?" என்றார் அவர். "ரொம்ப நல்லாருக்குன்னா? இல்ல. புதுசு எடுக்கக் காசே குடுக்கல. எனக்கு முன்னால இருந்தவரு எடுத்தது, அவரும் செத்துப்போயிட்டாரு. வருஷா வருஷம் கேப்போம், அடுத்த வருஷம் பாக்கலாம்பாங்க."

புதிது எடுக்கக் காசு வந்திருந்தால் தனக்கு அப்பா இருந்திருக்கமாட்டார் என்று அவளுக்கு உறைத்தது. கொடுக்காமல் விட்டவர்களுக்கு மனசுக்குள் ஒரு நன்றி சொன்னாள். உடனே அது தப்பென்றும் தோன்றியது.

"வரேன் சார்," என்றாள்.

*

அம்மா ஒரு புது வீட்டில் வேலையாக இருந்தாள். அப்பா இருந்தவரை அவருக்கு வண்ணம் கலந்து கொடுத்தவள், அவர் போனபின் அவருடைய ஏணியைத் தானே எடுத்துக்கொண்டாள். முதலில் சிரித்தவர்கள் பிறகு கூப்பிட்டார்கள். இந்த ஊரில் மூலை பார்க்க அம்மாவை விட்டால் ஆளில்லை. சுவரும் சுவரும் சேரும் இடத்தில் அம்மாவின் கோடு நூல் பிடித்த மாதிரி இறங்கும்.

மழை வருவதுபோல வந்து வராமல் போக்குக்காட்டிய வாரம் அது. ஊரே ஈரத்துணியால் மூடிய மாதிரி புழுங்கியது. சில்லறை டிபன் பாக்ஸோடு உள்ளே போனபோது அம்மா ஏணியில் நின்று பட்டி பார்த்த சுவரை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் தூள் தலையிலும் இமையிலும் படிந்திருந்தது. ஏணியில் ஒரு கிழவி நிற்பதுபோல ஒரு கணம் தோன்றியது.

"அம்மா, எறங்கு. சாப்பிடு."

"இந்தச் சுவரு முடியட்டும்."

"அப்பா மாதிரியே பேசாத."

தேய்க்கும் சத்தம் நின்றது. அம்மா இறங்கி வந்தாள். கையைக் கழுவி, சிமெண்டுச் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். சோறும் முட்டையும். இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். அம்மா முட்டையின் மஞ்சளை அவள் பக்கம் ஒதுக்கினாள். அது சின்ன வயதிலிருந்து நடப்பது.

"குழுவுல பேசக் கூப்பிடறாங்கம்மா. புகை சார்."

"யாரை?"

"என்னை. உன்னையும்."

"ஜோடியாப் போனா ஏதாவது தள்ளுபடி உண்டாமா?"

"வெளையாடாதம்மா. நாம பேசினா மனசு மாறுவாங்களாம். விளம்பரம் நிக்காதாம்."

"வேணாம்."

"ஏன்?"

"நாலு பேருக்கு முன்னால உனக்கு வாய் வராது."

"மைக் இருக்குமாம்."

"வேணாம்னா வேணாம் பாப்பா. இருபது வருஷம் பேசியாச்சு. போதும். போன மனுஷனைக் கொஞ்சம் நிம்மதியா விடுங்க."

சில்லறை கையிலிருந்த சோற்றை டப்பாவிலேயே வைத்தாள்.

"உனக்கு அவரு குரலைக் கேக்கவே பிடிக்காது. எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா, மணி அடிக்கற நேரம் பாத்து வெளிய போயி நிக்கற. நான் கண்ணாடி வழியா பாத்திருக்கேன்."

"புழுக்கமா இருக்கும், காத்துக்குப் போயிருப்பேன்."

"தெனமுமா?"

அம்மா மஞ்சளை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினாள். வெளியே ஒரு லாரி ஜல்லி கொட்டியது. கொட்டி முடிந்ததும் சில்லறை சொன்னாள்.

"நீ அவர்கூட வாழ்ந்த. பேசின, சண்டை போட்ட, உப்பு கம்மின்னு திட்டு வாங்கின. உன்கிட்ட அவ்வளவு இருக்கு. அதனால உனக்கு அது நின்னா ஒண்ணுமில்ல. எனக்கு அது ஒண்ணுதாம்மா இருக்கு."

"திட்டமாட்டாரு," என்றாள் அம்மா. "உப்பு கம்மின்னா எழுந்துபோயி அவரே போட்டுக்குவாரு."

இது புதிது. சில்லறை அதை உள்ளே எடுத்துவைத்துக்கொண்டாள். அப்பாவைப் பற்றி அம்மா தானாக ஒன்று சொல்வது எப்போதாவது பெய்யும் மழை மாதிரி. அந்த ஈரத்திலேயே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"உன்னை என்னன்னு கூப்பிடுவாரு?"

"கூப்பிடவே மாட்டாரு. தட்டுவாரு. தூரிகைக் கட்டையால சுவத்துல ரெண்டு தட்டு. அப்படின்னா தண்ணி."

"என்னை? எப்பவும் சில்லறைன்னுதானா?"

அம்மா எழுந்தாள். கையை உதறினாள்.

"அடுத்த சுவத்துப் பட்டி காஞ்சிரும் பாப்பா. நீ கெளம்பு."

அந்தப் புழுக்கத்தில் பட்டி காயப் பொழுது சாயும் என்பது இருவருக்கும் தெரியும்.

நடந்து திரும்பும்போது சில்லறைக்குப் பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது. அப்பாவோடு சாரம் ஏறிய ஒரு பெயிண்டர் வெளியூரிலிருந்து வந்து, நிலையத்தில் அந்த விளம்பரத்தைக் கேட்டுவிட்டு, "உங்கப்பன் குரலு இவ்வளவு கனமா இருக்காதேம்மா, கீச்சுக் குரலாச்சே," என்றார். வீட்டில் சொன்னபோது அம்மா, "ஸ்பீக்கர்ல எல்லார் குரலும் கனமாத்தான் வரும்," என்றாள். சில்லறை படித்த பெண். இந்தக் குழல் ஸ்பீக்கரில் கனமான ஒலிதான் முதலில் அடிபட்டுப்போகும், குரல் மெலியுமே ஒழியக் கனக்காது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு அம்மா சொன்னதையே எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளத் தோன்றியது.

*

குழு கூடிய கட்டடத்தின் நடையில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். ஒரு பெஞ்சில் பெட்டிக்கடைக்காரர்கள். ஒன்றில் பாலம் கேட்டு வந்த ஊர்க்காரர்கள். ஒன்றில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு டாக்டரம்மா. எல்லோருக்கும் வேண்டியது அதே சின்னப் பானையில் இருந்த அதே சோறு. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், பந்தியில் இடம் பிடிக்க நிற்பவர்களைப் போல.

புகை சார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். காலர் மட்டும் ஒரு பக்கம் மடங்கியிருந்தது.

"அம்மா வரலையா?"

"வரமாட்டாங்க சார்."

"பரவால்ல. நீ உண்மையச் சொன்னா போதும். உண்மைக்கு ஒரு ஆள் போதும்."

உள்ளே அரைவட்டமாக மேசை. நடுவில் தலைவர், நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய ஒரு பெண்மணி. அவருக்கு வலப்பக்கம் தடித்த கண்ணாடி போட்ட ஓர் உறுப்பினர். நிதியை எடுத்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தவர் அவர்தான் என்று புகை சார் கிசுகிசுத்தார். சில்லறை அவரை ஒரு ராட்சசனாக நினைத்து வைத்திருந்தாள். அவர் தண்ணீர் டம்ளரைப் பக்கத்தில் இருந்தவருக்கு முதலில் நகர்த்திவிட்டுத் தான் குடித்தார்.

புகை சார் கணக்குச் சொன்னார். யாரும் அழவில்லை.

கண்ணாடி உறுப்பினர் பேசினார். சத்தம் போடவில்லை. "எங்க பக்கத்து ஆஸ்பத்திரியில புத்துநோய்க்கு மெஷின் ஒண்ணு இருக்கு. ஓடாது. வெளியூருக்குப் போற வழியிலயே பாதிப் பேரு முடிஞ்சுடறாங்க. நீங்க என்ன பண்றீங்க? பேசறீங்க. இருபது வருஷமா அதே பேச்சைப் பேசறீங்க. பேச்சுக்குக் குடுக்கறத மருந்துக்குக் குடுத்தா என்ன தப்பு?"

"மெஷினுக்கு ஆள் வராம பண்றதுதாங்க எங்க வேல," என்றார் புகை சார்.

"வராம போனவன என் கண்ணுக்குக் காட்டுங்க. வந்தவனத்தான் நான் பாக்கறேன்."

வராதவனை எப்படிக் காட்டுவது? புகை சார் காலரைச் சரிசெய்தார். அதுவரை சரியாக இருந்த பக்கம் மடங்கிக்கொண்டது.

"அந்த விளம்பரத்தத்தான் போடுங்களேன், கேப்போம்," என்றார் தலைவர்.

போட்டார்கள். அந்த அறையில் ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர். அப்பாவின் குரல் இதுவரை இல்லாத அளவுக்குப் பக்கத்தில் வந்தது. நெஞ்சில் சளி புரள்வதுகூடக் கேட்டது. அந்தக் கடைசி மூச்சு வந்தபோது சில்லறை கண்ணை மூடினாள். திறந்தபோது, கதவோரத்துக் கடைசி நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். முழங்கை வரைக்கும் வெள்ளைத் தூள்.

சில்லறையைக் கூப்பிட்டார்கள். குமாஸ்தா ஓர் அட்டையை நீட்டினார். நான் இங்கே சொல்வதெல்லாம் உண்மை, நான் அறிந்து பொய் எதுவும் சொல்லேன் என்று அதைப் படித்தாள். வண்டி அறிவிப்பு மாதிரியே இருந்தது. அதனால் குரல் வந்தது.

"நீங்க கேட்டது எங்கப்பா. நான் பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பாளரா இருக்கேன். அவரு என்னைத் தூக்கினது, கொஞ்சினது எதுவும் எனக்கு ஞாபகமில்ல. படத்துல கண்ணை மூடியிருக்காரு. இந்தக் குரல் மட்டும்தான் எனக்கு இருக்கு. மணிக்கு ஒருதரம் அதைக் கேக்கறேன். நானு மட்டுமில்ல. ஒருத்தரு, வண்டிக்கு நின்னவரு, இதைக் கேட்டுட்டு வாயில வச்சிருந்தத எடுத்துக் கீழ போட்டு மிதிச்சாரு. நான் கண்ணாடி வழியா பாத்தேன். அவரு வராம போனவங்கள்ல ஒருத்தரான்னு எனக்குத் தெரியாது சார். மிதிச்சத பாத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

இவ்வளவு நீளமாக அவள் வண்டியைத் தவிர எதைப் பற்றியும் பேசியதில்லை. கண்ணாடி உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கப்பாவும் இதுலதாம்மா போனாரு," என்றார். குரல் இறங்கியிருந்தது. "அவரு குரல் எப்படியிருக்கும்னு யோசிச்சுப் பாக்கறேன், வரமாட்டேங்குது. நீ குடுத்து வச்சவ. வீட்டுலயும் உன்னை இப்படித்தான் கூப்பிடுவாரா? இதே மாதிரி, மூச்ச இழுத்துட்டு?"

அன்பாகத்தான் கேட்டார். அவளுக்குத்தான் பதில் தெரியவில்லை. அறிந்து பொய் எதுவும் சொல்லேன் என்று இப்போதுதான் படித்திருக்கிறாள். அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா எழுந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த இடத்தில் வெள்ளையாக விரல்கள் பதிந்தன.

"அது அவரு குரல் இல்லீங்க," என்றாள்.

புகை சாரின் கையிலிருந்த காகிதங்கள் சரிந்தன. அவர் குனிந்து எடுக்கவில்லை.

"திட்டத்துக்காரங்க வந்து விளம்பரம் எடுத்தப்ப அவருக்குக் குரலே கெடையாது. ஆபரேஷன்ல குரல்வளைய எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்து ஒதட்ட மட்டும் அசைப்பாரு. எனக்குத்தான் புரியும். அவரு ஒதட்டப் பாத்து நான் சொன்னேன். பொம்பளக் குரல் சரிவராதுன்னாங்க. பக்கத்துக் கட்டில்ல ஒருத்தரு இருந்தாரு. அவருக்கு மறுநா காலையில ஆபரேஷன். இதே ஆபரேஷன். 'நாளைக்கு எனக்கும் இருக்காதும்மா, இன்னிக்கு எடுத்துக்கச் சொல்லு'ன்னாரு. நான் சொல்லச் சொல்ல அவரு திருப்பிச் சொன்னாரு. பேசினது பூரா இவ அப்பா பேச்சு. அதுல பொய் இல்லீங்க."

"சரிம்மா," என்றார் தலைவர் மெதுவாக. "உக்காருங்க."

அம்மா உட்காரவில்லை. குழுவைப் பார்க்கவுமில்லை. மகளைப் பார்த்தாள். சில்லறை மைக்கின் தண்டைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"மூணு வயசுல, அப்பா என்னைக் கூப்பிடறாருன்னு குதிச்சுக்கிட்டு ஓடிவந்த. நான் என்ன சொல்லட்டும்? அப்புறம் சொல்லிக்கலாம், அப்புறம் சொல்லிக்கலாம்னு..." அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். தூள் கண்ணில் பட்டு இன்னும் கலங்கியது. "பேச்செல்லாம் உங்கப்பாவோடதுதான். ஒரே ஒரு வார்த்தையத் தவிர. கடைசியில உங்கப்பா வந்துடறேன் பாப்பான்னுதான் சொன்னாரு. நானும் அப்படியேதான் எடுத்துச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரரு ஒரு மூச்சு இழுத்தாரு. இழுத்துட்டு, சில்லறைன்னுட்டாரு. மறுபடியும் சொல்லச் சொன்னாங்க. உங்கப்பா கட்டில் கம்பியில ரெண்டு தட்டு தட்டி, கையக் காட்டினாரு. இருக்கட்டும், விடுங்கன்னு. சில்லறைங்கறது அந்தக் கட்டில்காரரோட பொண்ணு, பாப்பா. இத்தனை வருஷமா அவளத்தான் கூப்பிட்டுக்கிட்டிருக்காரு."